வெந்தய வரியனை எருக்கஞ்செடியிலேயே அடையாளம் காண்பது எப்படி

பறக்கும் வண்ணத்துப்பூச்சியைத் துரத்திச் சென்று இனம் காண முயல்வதைவிட, அது முட்டையிடும் செடியைக் கண்டுபிடித்து அதனருகே பொறுமையாக நிற்பதே நல்ல வழி. மதுரை வட்டாரத்தில் இதற்கு மிகவும் ஏற்ற இனம் வெந்தய வரியன். அறிவியலில் இதனை டனாஸ் கிரிசிப்பஸ் என்பர். நாகமலை அடிவாரம், வைகைக் கரை, கண்மாய்க் கரைகள், மனைகளாகப் பிரிக்கப்பட்டும் வீடு கட்டப்படாமல் கிடக்கும் நிலங்கள் என எருக்கு முளைத்துக் கிடக்கும் இடங்களில் இதைத் தேடலாம். வேலிகளில் படரும் உத்தாமணிக் கொடியிலும் இது முட்டையிடும். மழைக்காலம் முடிந்து எருக்கு புதுத்தளிர் விட்டிருக்கும் நாட்களில், காலை வெயில் சற்று ஏறியபின் செல்வது நல்லது.

சிறகுகளை விரித்தால் ஏழு, எட்டு சென்டிமீட்டர் அகலமிருக்கும். முன்சிறகின் நுனி கறுத்து, அதன் குறுக்கே வெண்திட்டுகள் பட்டைபோல் அமைந்திருக்கும். மற்ற பகுதி செம்மஞ்சள் கலந்த பழுப்பு. தலையும் மார்பும் கறுப்பு. அவற்றில் வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் தெரியும். சிறகு நரம்புகள் நெடுகிலும் தடித்த கறுப்புக் கோடுகள் இருந்தால் அது இதன் உறவினமான வரிப்புலி. பின்சிறகின் நடுவில் மூன்று கரும்புள்ளிகள் மட்டும் இருந்தால் பெண். அவற்றோடு, அடிப்புறத்தில் பார்க்கும்போது நடுவில் வெண்மை கொண்ட தடித்த நான்காவது புள்ளியும் இருந்தால் ஆண். அந்த நான்காவது புள்ளிதான் ஆணின் மணச்சுரப்பி.

இந்த மூன்று புள்ளிகளை எண்ணிப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. டானாய்ட் எக்ஃப்ளை எனப்படும் வேறோர் இனத்தின் பெண், நிறத்திலும் சாவகாசமான பறத்தலிலும் வெந்தய வரியனை அப்படியே ஒத்திருக்கும். எருக்கின் நச்சுப்பொருள்களை உடலில் சேமித்து வைத்திருக்கும் வெந்தய வரியனை ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதை நாடாது என்பதால், நஞ்சில்லாத அந்தப் பெண்ணும் இந்த வேடத்தால் பிழைத்துக்கொள்கிறது. அதன் பின்சிறகில் மேல்விளிம்பையொட்டி ஒரே ஒரு கரும்புள்ளிதான் இருக்கும், நடுப்புள்ளிகள் இரா.

ஒரு பூச்சி எருக்கஞ்செடியைச் சுற்றித் தாழப் பறந்து, இலையில் அமர்ந்து, வயிற்றை வளைத்து ஒரு கணத்தில் எழுந்து சென்றால் அந்த இலையைக் கவனிக்கவும். வெள்ளி கலந்த வெண்ணிறத்தில், நெடுக்குவாட்டில் வரம்புகள் ஓடிய சின்னஞ்சிறு கூம்பாக முட்டை ஒன்றே ஒன்று ஒட்டியிருக்கும். மஞ்சள் நிறத்தில் கும்பலாக அப்பியிருப்பவை அசுவினி எனப்படும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள். அவற்றை முட்டைகள் என எண்ணிவிடக் கூடாது. இலையைக் கிள்ளவும் வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேரும் என்பதால், செடியைத் தொட்ட கையைக் கழுவாமல் முகத்தருகே கொண்டுபோகலாகாது. சிறுவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சில நாட்களில் வெளிவரும் புழு, முதலில் தான் இருந்த முட்டையின் ஓட்டையே தின்கிறது. வளர்ந்த புழுவைப் பிற இனத்துப் புழுவோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புக் குறைவு: கறுப்பும் வெள்ளையுமான வளையங்கள், அவற்றினிடையே மஞ்சள் திட்டுகள், முதுகில் மூன்று இணைக் கரிய கொம்புகள். முன்னிரு கொம்புகள் நீண்டிருப்பதால் உணர்கொம்புகள் எனத் தோன்றும். உண்மையில் அவை வெறும் சதை நீட்சிகள்தாம். புழு உண்ணும் முறையைச் சற்று நேரம் நின்று பார்ப்பது மிகவும் பயன்தரும். இளம்புழு இலையில் ஒரு வளைவாகக் கடித்து, அப்பகுதிக்குள் பால் பாய்வதைத் தடுத்த பின்னரே அதைத் தின்னத் தொடங்குகிறது. இல்லாவிட்டால் பிசுபிசுக்கும் பாலில் அது சிக்கிக்கொள்ளும். நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்து, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முழு வளர்ச்சி பெறுகிறது. அதே செடியில் மஞ்சளும் நீலமுமாக அமர்ந்து இலைகளைக் கடிக்கும் எருக்கு வெட்டுக்கிளிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வளர்ந்த புழு இலையின் அடியிலோ அருகிலுள்ள குச்சியிலோ பட்டுத்திரள் நூற்று, அதைப் பின்முனையால் பற்றித் தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகிறது. பசுமையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் அந்தக் கூட்டுப்புழுவின் வயிற்றுப்பகுதியைச் சுற்றிக் கறுப்பு ஓரமிட்ட பொன்னிறக் கோடு ஒன்று ஓடும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை இந்நிலையில் இருக்கும். ஓடு கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளே செம்மஞ்சள் சிறகும் வெண்திட்டுகளும் தெரிந்தால் பூச்சி விரைவில் வெளிவரும் என்று கொள்ளலாம். சிறகின் வடிவம் தெரியாமல் ஓடு முழுவதும் மங்கிக் கறுத்துப்போனால், ஒட்டுண்ணிக் குளவியோ ஈயோ அதனுள் வளர்ந்திருக்கக்கூடும்.

வெளிவந்த பூச்சியின் சிறகுகள் முதலில் சுருங்கித் துவண்டிருக்கும். அது உடற்சாற்றைச் சிறகுகளுக்குள் செலுத்தி அவற்றை விரித்து, பின்னர் நெடுநேரம் தொங்கியபடியே உலர்த்தும். அப்போது வயிற்றிலிருந்து சொட்டும் நீர்மம் கூட்டுப்புழுப் பருவத்துக் கழிவே, காயத்தின் அடையாளமன்று. பூச்சி தானாகப் பறந்து செல்லும்வரை அது பற்றியிருக்கும் கிளையை அசைக்காமல், சற்று எட்ட நின்றே படமெடுத்துக்கொள்ள வேண்டும்.