டவரா டம்ளர் போதும்

ஒரு பொருள் மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் எப்படித் தெரியும் என்ற பாடம் வந்ததும் என் ஆறு வயது மகள் திருதிருவென்று முழித்தாள். எங்கள் வீடு பெங்களூரு அல்சூரில், மூன்றாவது மாடி. பால்கனியிலிருந்து கீழே நின்ற ஆட்டோவைக் காட்டினேன். மஞ்சள் கூரை மட்டும்தான் தெரிந்தது. "சக்கரம் எங்கம்மா போச்சு?" என்றாள். சரி, பாதி வேலை முடிந்தது.

அப்புறம் டவரா டம்ளரை மேசையில் வைத்தேன். மேலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று முதலில் ஊகித்து வரையச் சொன்னேன். டம்ளரை நிற்க வைத்தே வரைந்தாள். திருத்தவில்லை, ஸ்டூலில் ஏற்றி, ஒரு கண்ணை மூடி நேர் கீழே பார்க்கச் சொன்னேன். "வட்டத்துக்குள்ள வட்டம்!" பக்கவாட்டுக்கு, கண் மேசை மட்டத்துக்கு வரும்படி குனிய வேண்டும். நாமும் கூடவே குனியணும் (முட்டி வலிக்கும்).

தப்பாகச் சொன்னால் திட்டாதீர்கள். குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே மூன்று மலை மாதிரிகளை வைத்துச் செய்த சோதனையில், நான்கு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் தங்களுக்குத் தெரிவதுதான் எதிரிலிருக்கும் பொம்மைக்கும் தெரியும் என்றார்கள். பந்தை மட்டும் கடைசியில் கொடுங்கள். எப்படித் திருப்பினாலும் வட்டம்தான். என் மகள் பத்து நிமிடம் அதை விடவில்லை.