மறைந்த போர் விமானியைப் பற்றி எழுதுவது எப்படி?

முதலில் அவருடைய லாக்புக்கை, அதாவது ஒவ்வொரு முறை பறந்ததையும் விமானி குறித்துவைக்கும் பதிவேட்டை, தேடுங்கள். சீருடைப் படமும் விருதுப் பட்டியலும் எப்படியும் கிடைத்துவிடும், ஆனால் எந்தத் தேதியில் எந்த விமானத்தை எத்தனை மணி நேரம் ஓட்டினார், அதில் இரவில் பறந்தது எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் வரிவரியாக இருக்கும். முதன்முதலாகத் தனியாகப் பறந்த நாளைக் கண்டுபிடியுங்கள், கட்டுரையை அங்கிருந்தே தொடங்கலாம்.

அப்புறம் ஆட்களிடம் பேசுங்கள். ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) நண்பர்கள் மட்டும் போதாது. அவர் விமானத்தைப் பராமரித்த தரைப் பணியாளர்களையும் கேளுங்கள், ஏறுவதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து சரிபார்க்கும்போது அவர் எப்படிப் பேசுவார், எதற்கெல்லாம் எரிந்து விழுவார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எரிந்து விழுந்ததையும் எழுதுங்கள், தப்பில்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அல்லது காமன்வெல்த் விமானப்படையில் இறந்தவரா? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். கல்லறை இல்லாத 20,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

விபத்தில் இறந்திருந்தால் அதைப் பற்றி இரண்டு வரி போதும், விசாரணை அறிக்கையில் இல்லாத ஊகம் வேண்டவே வேண்டாம். பதவிப் பெயரைச் சரிபாருங்கள். விங் கமாண்டரை ஸ்குவாட்ரன் லீடராக இறக்கிவிடாதீர்கள். வெளியிடும் முன் குடும்பத்தாரிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.