ஓடும்போது மூச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் விடியற்காலையில் கல்லடிக் கடற்கரைப் பக்கம் போனால், ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிடுபவர்களைப் பார்க்கலாம். கால் வலித்து நிற்பவர்கள் குறைவு. மூச்சு வாங்கித்தான் நிற்கிறார்கள். "எனக்கு ஓட்டம் சரிவராது" என்று அதோடு விட்டும்விடுகிறார்கள். அவர்களில் பலருக்கு மூச்சு விடும் விதத்தை மாற்றினாலே போதும்.

பெரிய தவறு, மூச்சு வாங்கியதும் தோளைத் தூக்கிக்கொண்டு குட்டிக் குட்டியாக, அவசரமாக இழுப்பது. ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லிலீட்டர் காற்று தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலும் நின்றுவிடும்; அதன் ஒட்சிசன் இரத்தத்துக்குப் போகாது. 500 மில்லிலீட்டர் இழுத்தால் 350 பயன்படும். 250 மட்டும் இழுத்தால் மிஞ்சுவது 100தான். அப்படி இரண்டு தடவை இழுத்தாலும் 200ஐத் தாண்டாது. மூச்சு முட்டும் உணர்வைக் கிளப்புவதில் உடலில் சேரும் காபனீரொட்சைட்டுக்குப் பெரிய பங்குண்டு. ஆகவே முதலில் நன்றாக வெளியே ஊதுங்கள்; அடுத்த மூச்சு தானாக ஆழமாக இறங்கும். வீட்டில் மல்லாந்து படுத்து, தொப்புள்மேல் கைவைத்துப் பழகலாம். இழுக்கும்போது கை எழும்ப வேண்டும்.

மூக்கால் மட்டுமே மூச்சு விட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. மெதுவான ஓட்டத்துக்குச் சரி, வேகம் கூடினால் வாயையும் திறக்கத்தான் வேண்டும். மூன்று காலடிக்கு இழுத்து இரண்டு காலடிக்கு ஊதும் கணக்கு சிலருக்கு உதவும். கணக்குத் தவறினால் பதறாதீர்கள்.

எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தால் எந்த மூச்சுப் பயிற்சியும் காப்பாற்றாது. பக்கத்தில் ஓடுபவருடன் ஒரு முழு வசனம் பேச முடிகிற வேகமே தொடக்கத்துக்குப் போதும். வெப்பமான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதே தூரத்துக்கே கூடுதலாக மூச்சு வாங்கும். உடலைக் குளிர்விக்க இதயமும் சேர்ந்து உழைக்கிறது. அந்த நாட்களில் வெயில் ஏறுமுன் ஓடி முடியுங்கள், வேகத்தையும் குறையுங்கள்.

வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு ஓடினால் விலாவில் குத்தும். இரண்டு மணிநேரமாவது விடுங்கள். குத்தினால் நடந்து, அந்த இடத்தைக் கையால் அழுத்தி, மெதுவாக ஊதுங்கள்.

ஆனால் ஓடும்போதோ ஓடி முடிந்த பிறகோ நெஞ்சு இறுகினால், விசில்போலச் சத்தம் வந்தால், இருமல் நிற்காவிட்டால், "பழகினால் சரியாகும்" என்று தள்ளிப்போடவே கூடாது. அது ஆஸ்துமாவாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டி மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக ஓடுபவர்கள் நிறையப் பேர். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே ஓட்டத்தை நிறுத்தி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.