32 இன்சா, 43 இன்சா? கடைக்குப் போகும் முன் வீட்டில் அளக்க வேண்டியவை

போன வருடம் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 43 இன்ச் 4கே டிவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தெருவில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "படம் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லார் முகமும் மெழுகு பூசியது போல இருக்கிறதே, பழைய டிவியில் இப்படி இல்லையே?"

டிவியில் குறை இல்லை. அம்மா பார்ப்பது கேபிளில் வரும் சீரியல். நான் வாங்கியது 4கே. பொருத்தம் பார்க்காமல் கல்யாணம் முடித்து வைத்தது என் தவறு. இப்போது அந்த 43 இன்ச் என் வீட்டு ஹாலில் இருக்கிறது. அம்மாவிடம் 32 இன்ச் ஹெச்டி ரெடி. இருவருக்கும் திருப்தி.

முதல்முறை டிவி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்: பத்தாயிரம் ரூபாயைச் சுற்றி ஒரு 32 இன்ச், இருபதாயிரத்தைச் சுற்றி ஒரு 43 இன்ச் 4கே. கீழே உள்ள முதல் மூன்று படிகளுக்குக் கடைக்கே போக வேண்டாம். தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று போதும்.

படி 1: படம் எங்கிருந்து வருகிறது?

டிவியைப் பற்றி யோசிக்கும் முன் அதற்குள் போகப்போகும் படத்தைப் பற்றி யோசியுங்கள். வீட்டில் இருப்பது சாதாரண கேபிள் செட்டாப் பாக்ஸ் என்றால், அதில் வரும் சாதாரண சேனலின் படத்தில் அதிகபட்சம் 720 × 576 புள்ளிகள்தான் உண்டு. 4கே திரையில் இருப்பவை 3840 × 2160. பெருக்கிப் பாருங்கள், சரியாக 20 மடங்கு வரும். அதாவது, திரையில் தெரியும் ஒவ்வொரு 20 புள்ளிகளிலும் 19 புள்ளிகளை டிவி தானாக ஊகித்து நிரப்புகிறது. விலை உயர்ந்த டிவிகளில் இந்த ஊகத்தைச் செய்யும் சிப் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். பட்ஜெட் டிவியில் அது சுமார்தான். அம்மா சொன்ன மெழுகு அங்கிருந்து வந்தது.

32 இன்ச் ஹெச்டி ரெடி திரையில் 1366 × 768 புள்ளிகள். அதே கேபிள் படத்தை இரண்டரை மடங்கு விரித்தால் போதும். திரையும் சிறியது என்பதால் பிசிறுகள் கண்ணில் படுவதில்லை.

ஆகவே வீட்டில் ஒரு வாரம் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். ஹெச்டி சேனல் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு சாதாரண சேனல் பார்ப்பவர்கள் ஏராளம். செட்டாப் பாக்ஸ் ஹெச்டியாக இருக்க வேண்டும். மாதக் கட்டணத் தொகுப்பிலும் ஹெச்டி சேனல்கள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பயனில்லை.

ஓடிடி பார்க்கும் வீட்டுக்குக் கணக்கு வேறு. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது. ஃபுல் ஹெச்டிக்கு (1920 × 1080 புள்ளிகள்) 5 போதும். அதோடு, அவர்களின் பிரீமியம் சந்தாவில்தான் 4கே உண்டு. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கும் வீட்டுக்கு 4கே ஒரு அலங்காரம்தான்: அந்தத் தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 7 ஜிபி வரை கரைந்துவிடும்.

படி 2: நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அடி?

டிவி மாட்டப்போகும் சுவரிலிருந்து வழக்கமாக உட்காரும் இடம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சராசரிப் பார்வை உள்ள ஒருவருக்கு 32 இன்ச் ஹெச்டி ரெடி திரையின் புள்ளிகள் ஏறக்குறைய 6 அடிக்கு மேல் தனித்தனியாகத் தெரியாது. 43 இன்ச் திரையில் ஃபுல் ஹெச்டிக்கும் 4கேவுக்கும் உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய அதே தூரத்தில் மறையத் தொடங்கிவிடும். எட்டு அடி தள்ளி சோபா போட்டிருப்பவர் 4கேவின் முழுப் பலனையும் பார்க்க வேண்டுமானால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வர வேண்டும்.

அப்படியானால் 43 இன்ச் வீண் செலவா? இல்லை. அதன் பரப்பு 32 இன்ச்சைவிடச் சுமார் 80 சதவீதம் அதிகம். கூடுதல் பணத்தை அந்தப் பரப்புக்காகக் கொடுங்கள், 4கே என்ற ஒட்டுத்தாளுக்காக அல்ல. பத்து அடி தூரத்திலிருந்து கிரிக்கெட் ஸ்கோரையோ படத்தின் துணை எழுத்துகளையோ 32 இன்ச்சில் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். என் கணக்கு எளியது: ஏழு அடிக்குள் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து கேபிள் பார்ப்பதாக இருந்தால் 32. அதற்கு மேல் தூரமும் ஆட்களும் கூடினால் 43.

இன்ச் கணக்கு திரையின் மூலைக்கு மூலை அளவு, அகலம் அல்ல. 32 இன்ச் டிவியின் அகலம் சுமார் 71 செ.மீ., 43 இன்ச்சுக்கு 95 செ.மீ. பழைய செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. அலமாரிக் கதவு டிவியில் இடிக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

படி 3: யார் பக்கவாட்டில் உட்காருகிறார்கள்?

பலரும் தவறவிடும் படி இது. திரைக்குள் இருக்கும் பேனலில் இரண்டு சாதிகள் உண்டு. விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்க ஏற்றது. ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளுத்துவிடும். ஐபிஎஸ் பேனலை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. ஆனால் இருட்டு அறையில் அதன் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஐபிஎஸ்ஸில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1000:1, விஏயில் 3000:1க்கு மேல்.

எங்கள் ஹாலில் அப்பா சாய்வு நாற்காலியை ஜன்னலோரம்தான் போடுவார்; பிள்ளைகள் தரையில் எங்கெங்கோ கிடப்பார்கள். நேர் எதிரே உட்கார்ந்து பார்ப்பவர் யாருமே இல்லை. அத்தகைய வீட்டுக்கு ஐபிஎஸ். படுக்கையறையில் கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டப்போகிறவர்களுக்கு விஏ.

ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழும் சுவர் என்றால் எந்த பட்ஜெட் டிவியும் பகலில் தோற்றுப்போகும். அதற்குத் திரைச்சீலை வாங்குவது மலிவு.

படி 4: கடையில் என்ன செய்வது?

கடையில் எல்லா டிவியிலும் ஒரே கிளியும் ஒரே கடலும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு பென்டிரைவில் உங்கள் கைபேசியில் எடுத்த வீட்டு வீடியோ ஒன்றைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். அம்மாவின் முகம் எந்த நிறம் என்று உங்களுக்குத் தெரியும்; கிளியின் நிறம் தெரியாது. கேபிள் இணைப்பு இருந்தால் ஒரு சாதாரண சேனலையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விற்பனையாளர் கொஞ்சம் முகம் சுளிப்பார்.

பிறகு நேர் எதிரே நின்று பார்த்துவிட்டு, மெல்லப் பக்கவாட்டில் நடந்து போங்கள். முகம் வெளுத்தால் அது விஏ. பேனல் வகையைப் பெட்டியில் பெரும்பாலும் அச்சிட மாட்டார்கள், ஒரே மாடலில் இரண்டு வகையும் வருவதுண்டு. நடந்து பார்ப்பதே நம்பத் தகுந்த சோதனை.

நீங்கள் சந்தா கட்டும் ஓடிடி செயலியை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். சில மலிவு டிவிகளில் அது முறையாக வேலை செய்யாது. ஓடிடி பார்க்கும் வீட்டுக்கு 2 ஜிபி ரேமும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் அவசியம் என்பேன். பல 32 இன்ச் டிவிகளில் 1 ஜிபிதான் இருக்கும். கேபிள் மட்டும் பார்ப்பவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஹெச்டிஆர் என்ற எழுத்துக்கு மயங்க வேண்டாம். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் வகைப் படம் அது. அந்த வகைப் படத்தை டிவி வாங்கிக்கொள்ளும் என்பதே அந்த எழுத்தின் பொருள். அதைக் காட்டுவதற்கான வெளிச்சம் இந்த விலை டிவிகளில் இல்லை.

விலை பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 32 இன்ச்சுக்கு முன்பே 18தான். அதனால் இரண்டுக்கும் உள்ள விலை இடைவெளி சுருங்கியிருக்க வேண்டும். பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

மின்சாரம் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. 50 வாட் 32 இன்ச்சை தினம் 5 மணி நேரம் ஓடவிட்டால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். 90 வாட் 43 இன்ச்சுக்கு 27 யூனிட்.

படி 5: மாட்டிய பிறகு

முதலில் பட அமைப்பை 'விவிட்' என்பதிலிருந்து 'மூவி' அல்லது 'ஸ்டாண்டர்டு' என்று மாற்றுங்கள். இரண்டு நாள் மங்கலாகத் தோன்றும், பிறகு கண் பழகிவிடும். அடுத்து, செட்டாப் பாக்ஸில் ஹெச்டிஎம்ஐ துளை இருந்தால் அதில்தான் இணைக்க வேண்டும். டிவி மாட்ட வருபவர் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரையே செருகிவிட்டுப் போய்விடுவார். ஹெச்டி சேனலுக்குக் கட்டிய பணம் அந்த மஞ்சள் ஒயரிலேயே போய்விடும்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு. ஸ்மார்ட் டிவியைப் போட்டதும் படங்கள் நிறைந்த முகப்புத் திரைதான் வரும், சேனல் வராது. அமைப்புகளுக்குள் போய், டிவி திறக்கும்போது கடைசியாகப் பார்த்த இணைப்பே வரும்படி வைத்துவிடுங்கள். பல டிவிகளில் இந்த வசதி இருக்கிறது. அம்மா வீட்டில் நான் இதைச் செய்த பிறகு "டிவி வரவில்லை" என்ற அழைப்பு நின்றுவிட்டது. இப்போது "கேபிள் வரவில்லை" என்று மட்டும்தான் கூப்பிடுகிறார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.