குடியை நிறுத்த வைக்கிறோம் என்று வீட்டார் செய்யும் தவறுகள்

குடிப்பவர் செய்யும் தவறுகளைப் பேச ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. டீக்கடை பெஞ்சில் ஆரம்பித்துப் பஞ்சாயத்து வரைக்கும் அதே பேச்சுதான். அவரைத் திருத்தப் புறப்பட்டவர்கள் செய்யும் தவறுகளை யாரும் பேசுவதில்லை. அம்மா, மனைவி, மச்சினன், கூட வேலை பார்ப்பவர் என்று எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் குடியை வெறும் கெட்ட பழக்கமாக மட்டும் பார்ப்பதால், அது உடம்புக்குள் என்ன செய்து வைத்திருக்கிறது என்பது கண்ணில் படாமல் போகிறது. மதுரைப் பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சுகளை வைத்தே இதைப் பார்ப்போம்.

"சாமிகிட்ட சத்தியம் வாங்கியாச்சு"

அழகர்கோவில் பதினெட்டாம்படி கருப்பணசாமி முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இந்தப் பக்கத்து ஆட்களுக்கு லேசில் துணிச்சல் வராது. பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுவதும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட வைப்பதும் அதே நம்பிக்கையில்தான். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. மாலை போட்ட நாளோடு குடியை விட்டு, அதன்பிறகு தொடாதவர்களும் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் கை உதறல் நிற்க ஒரு கட்டிங் போட்டால்தான் வேலைக்கே கிளம்ப முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டவர், சத்தியம் பண்ணிய அன்றைக்கே மொத்தமாக நிறுத்தினால் அது உயிருக்கு ஆபத்து.

மது மூளையின் வேகத்தை அமுக்கும். வருஷக்கணக்கில் தினமும் அமுக்கினால், அதை ஈடுகட்ட மூளை எதிர்ப்பக்கம் பலமாக இழுத்துப் பழகிவிடும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் சட்டென்று கையை விட்டால் மறுபக்கத்தார் மல்லாக்க விழுவார்கள் இல்லையா, அதுதான் இங்கேயும் நடக்கிறது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு ஆரம்பிக்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இன்னும் சிலருக்கு நாள், இடம், ஆள் எதுவும் பிடிபடாமல் போகும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு சண்டை போடுவார், உடம்பு அனலாய்க் கொதிக்கும். மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் ஆள் போய்விடலாம்.

அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும்? "சத்தியத்தை மீறி ரகசியமாக் குடிச்சிருக்கான், சாமி அடிச்சிருச்சு" என்பார் ஒருவர். "காத்துக் கருப்பு பட்டிருச்சு, வேப்பிலை அடிக்கணும்" என்பார் இன்னொருவர். உண்மையில் அவர் சத்தியத்தைக் காப்பாற்றியதால்தான் அந்த நிலைமை. பூசாரியிடம் போகும் அந்த ஒரு நாள்தான் ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டிய நாள்.

அதனால், தினமும் குடிப்பவர் மாலை போட நினைத்தால் நல்லதுதான். ஆனால் அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மூளை பழைய நிலைக்குத் திரும்பும் வரை, பொதுவாக ஒரு வாரம் போல, மூளையை அமைதிப்படுத்தும் டயசெபாம் வகை மாத்திரையை அளவு குறைத்துக்கொண்டே கொடுப்பார்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்தவர், ஈரல் கெட்டவர், வயதானவர் என்றால் வார்டில் சேர்த்துப் பார்ப்பதே நல்லது. அந்த மாத்திரைகளை மெடிக்கலில் சொந்தமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. அதன்மேல் குடித்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

இதே ஆபத்து சத்தியம் எதுவும் இல்லாமலும் வரும். வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். "குடிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டால், "எப்பவாச்சும் விசேஷத்துக்கு" என்று வெட்கப்பட்டுச் சொல்லிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் அவர் கட்டிலை விட்டு எழுந்து ஓடும்போது வார்டே குழம்பிப் போகிறது. தினம் எவ்வளவு என்று முதல் நாளே உள்ளபடி சொல்லியிருந்தால் முன்கூட்டியே மருந்து கொடுத்திருப்பார்கள்.

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெம்பாயிருவாரு"

பல நாள் சோறில்லாமல் குடித்துக் கிடந்தவரை எழுப்பித் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் கேட்டு வாங்கும் சிகிச்சை இது. நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் தயமின் என்ற வைட்டமின் பி1 வற்றிப் போயிருக்கும். குளுக்கோஸைச் செலவழிக்க மூளைக்கு அது வேண்டும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் தீர்ந்து, நடை தள்ளாட்டம், கண் இரட்டையாகத் தெரிதல், குழப்பம் என்று மூளைப் பாதிப்பு வரலாம். தாமதித்தால் ஞாபகம் நிரந்தரமாகப் போகவும் கூடும். முதலில் தயமின் ஊசி, கூடவோ அப்புறமோ குளுக்கோஸ். "டாக்டர், தினமும் குடிக்கிறவர், பி1 போட்டாச்சா?" என்று கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை.

"அவருக்குத் தெரியாமலே நிறுத்திரலாம்"

பேருந்து நிலையச் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருக்கும் விளம்பரம் இது. சாப்பாட்டிலோ காபியிலோ கலந்து கொடுக்கும் பொடி. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. மனைவிமார்கள் இதை வாங்குவதற்குக் காரணம் முட்டாள்தனம் அல்ல, வேறு வழி தெரியாத தவிப்பு. ஆனாலும் இந்தப் பட்டியலில் நான் கடுமையாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

குடியை நிறுத்த டைசல்பிரம் என்று ஒரு மாத்திரை நிஜமாகவே உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால், மது பாதி வழியிலேயே நின்று அசிட்டால்டிஹைடு என்ற நச்சாகத் தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு வரலாம். தெரிந்து சாப்பிடுபவர் பயந்து குடிக்காமல் இருப்பார். பலன் கொடுப்பதே அந்தப் பயம்தான். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல ஒரு குவாட்டரைக் குடித்துவிட்டு விழுவார். காரணம் பக்கத்தில் யாருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அவர் சம்மதித்து, ரத்தப் பரிசோதனை முடிந்து, மனைவி கையால் தினமும் வாங்கிச் சாப்பிடும்போது இதே மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. குடிக்கும் ஆசையைக் குறைக்கும் வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. ஒளித்துக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

"பீர் சூட்டைத் தணிக்கும், கறி தின்னா ஒண்ணும் செய்யாது"

கணக்குப் பார்த்துவிடலாம். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் மது. எடையில் சுமார் 60 கிராம். கட்டிங் என்றால் அதில் பாதி, 30 கிராம். எட்டு சதவீதம் உள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் சுமார் 40 கிராம். ஆக, "நான் பீர்தான் சாப்பிடுவேன்" என்பவர் ஒரு கட்டிங்குக்கு மேலேயே குடிக்கிறார். சித்திரை வெயிலில் அது சிறுநீரைக் கூட்டி உடம்பின் நீரைத்தான் இறக்கும். சிறுநீரகக் கல்லைக் கரைக்காது. கறியும் குடலும் வைத்துக் குடித்தால் போதை மெதுவாக ஏறும். அதனால் இன்னும் கொஞ்சம் குடிக்கத் தோன்றும், ஈரலுக்குப் போய்ச் சேரும் மொத்தம் குறையாது. மோர், எலுமிச்சை, பச்சைத்தண்ணீர்க் குளியல் எதுவும் போதையை இறக்காது. மணிக்கு 7, 8 கிராம் என்று ஈரல் தன் வேகத்தில்தான் எரிக்கும். இரவு 11 மணிக்கு ஒரு குவாட்டர் முடித்தவர் காலை 6 மணிக்கு வண்டி எடுத்தால் ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் வழக்கு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம்.

"போதையில கிடக்கான், விடு"

மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ நடைபாதையில் ஒருவர் கிடந்தால், வாடை அடித்ததும் விலகிப் போய்விடுகிறோம். வாடை இருப்பதால் அது வெறும் போதை என்று ஆகிவிடாது. விழுந்து மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் குடித்துச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். பார்க்க அச்சாகப் போதை மாதிரியே இருக்கும். வெறும் போதையாகவே இருந்தாலும், மல்லாக்கக் கிடப்பவர் வாந்தி மூச்சுக்குழாயில் போய்ச் சாகலாம். தட்டி எழுப்பினால் பதில் வருகிறதா என்று பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பதில் இல்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் 108. வாயில் எதையும் ஊற்றக் கூடாது, விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. கண் மங்குகிறது என்று சொன்னால் மெத்தனால் என்ற விஷம் கலந்த சரக்காக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிவாங்கியது அதுதான். அதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு போனால்தான்.

"காமாலை இறங்கிருச்சு, இனி பயமில்ல"

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் இருந்தால் சிலருக்குக் கண்ணின் மஞ்சள் இறங்கலாம். அந்த நாட்களில் குடிக்காமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மறுபடி ஆரம்பிப்பார். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கும் கட்டத்தில் வலியே இருக்காது. அந்தக் கட்டத்தில் குடியை விட்டால் சில வாரங்களிலேயே அது சரியாகத் தொடங்கும். தழும்பு விழுந்து சுருங்கிய ஈரல் அப்படித் திரும்பாது. வயிறு உப்புதல், கால் வீக்கம், தார் போன்ற கறுத்த மலம், ரத்த வாந்தி, பகலெல்லாம் தூக்கமும் உளறலும் வந்தால் பத்தியத்தை நம்பி உட்காராதீர்கள். மேல்வயிற்றில் வலி வந்து முதுகுக்குப் போய், குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைகிறது என்றால் அது கேஸ் ட்ரபிளாக இருக்க வாய்ப்பு குறைவு. கணையம் வீங்கியிருக்கலாம்.

"வாடையே இல்ல, குடிக்கிறவன் இல்ல"

பையனிடம் சாராய வாடை வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றும் பழக்கம் தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது. ஒரே ஊசியைப் பங்கு போட்டால் எச்ஐவியும், ஈரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சியும் வரலாம். கொஞ்ச நாள் நிறுத்தியவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காமல் மூச்சு நின்றுவிடக்கூடும். கையில் ஊசித் தழும்பு, வீட்டில் குறையும் பணம், தூக்க நேரம் தலைகீழாவது இவற்றைக் கவனியுங்கள்.

"ஒரு சென்டர்ல கொண்டுபோய் அடைச்சிரு"

ராத்திரியோடு ராத்திரியாக வேனில் ஏற்றிப் போகும் மையங்கள் இருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் நேரில் போய்ப் பாருங்கள். மனநல மருத்துவர் வருகிறாரா, மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, வீட்டார் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மதுரைக்குத் தென்கிழக்கே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய பிறகும் "கட்டிப்போட்டால் திருந்துவான்" என்ற எண்ணம் போகவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மது, போதையால் வரும் மனநலக் கோளாறுகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிருவான்" என்பதும் ஏறக்குறைய இதே வகைதான். அடைபடுவது ஒரு பெண் என்பது மட்டும் வித்தியாசம்.

இனி, நிறுத்தியவருக்கு வரும் சோதனை. காதுகுத்து, கெடா வெட்டு, மொய் எழுதி முடித்ததும் பந்தல் பின்னால் கூட்டம். "மாப்ள, ஆறு மாசமாச்சே, ஒரு கட்டிங்ல என்ன ஆகப்போகுது?" ஊற்றிக் கொடுப்பவரை வீட்டார் கண்டிப்பதில்லை, விழுந்தவரைத்தான் திட்டுகிறார்கள். முதல் வருஷம் மொய்யைக் கொடுத்தனுப்பிவிட்டு விசேஷத்தைத் தவிர்த்தாலும் குற்றமில்லை. ஒரு நாள் தவறிவிட்டால் "எல்லாம் போச்சு" என்று முடிவு கட்டாமல் அடுத்த நாளே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இந்த நோயில் சறுக்கல் சகஜம்.

மதுரையில் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். போதைக்கென்றே 14446. போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, தினம் எவ்வளவு, எத்தனை வருஷமாக, முன்பு நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்ததா, சர்க்கரை, பிரஷர், தூக்க மாத்திரை ஏதாவது ஓடுகிறதா, நாட்டு மருந்தோ பொடியோ கொடுத்தீர்களா. பொடி கொடுத்திருந்தால் அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.