சிவப்பு அம்புக்குறியும் பெரியப்பாவும்: பார்க்கின்சன் மறதிச் சோதனைகளில் நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்து விழுந்தது. சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் பெரியப்பாவுக்கு ஏழு வருடமாகப் பார்க்கின்சன், அதாவது நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் மூளை நோய். ‘நியூரோஃபிலமென்ட் லைட்’ என்ற வரிக்கு நேரே சிவப்பில் ஓர் அம்புக்குறி. கால் மணி நேரத்தில் அண்ணன் ஒருவர், “அப்போ டிமென்ஷியா வரப்போகுது” என்று, அதாவது மறதி நோய் வரும் என்று, தீர்ப்பே எழுதிவிட்டார். பெரியப்பாவும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த ஒற்றை எண்ணை வைத்து ஆரூடம் சொன்னதுதான் முதல் தவறு. நியூரோஃபிலமென்ட் லைட் என்பது நரம்பிழைக்குள் சட்டகம்போல் இருக்கும் புரதம். இழை சேதமானால் ரத்தத்தில் கசியும். எந்த நோயால் சேதம் என்று அது சொல்லாது. பக்கவாதம், தலையில் அடி, சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு எல்லாமே அதை ஏற்றும். வயது கூடினாலும் சிறுநீரகம் தளர்ந்தாலும் ஏறும். உடல் பருமனானவர்களுக்குக் குறைவாகக் காட்டும். பெரியப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் கூடுதல். இது அதிகமாக உள்ள பார்க்கின்சன் நோயாளிகளுக்குச் சராசரியாக மறதி வேகமாக வருகிறது என்று ஆய்வுகள் காட்டுவது உண்மை. ஆனால் சராசரி ஒரு கூட்டத்துக்கு உரியது. உண்மையில் இந்தச் சோதனை நன்றாக உதவுவது வேறோர் இடத்தில்: பார்க்கின்சன்போலவே தோன்றும், அதைவிடக் கடுமையான சில நோய்களில் இந்த அளவு தெளிவாகவே உயர்ந்திருக்கும். அந்தச் சந்தேகம் வரும்போது நிபுணருக்கு இது கைகொடுக்கும்.

இதன் தம்பி ஒன்று இப்போது பிரபலம்: பி-டாவ் 217 என்ற புரதம். அதையும் பீட்டா அமிலாய்டு என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் ரத்தச் சோதனைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அனுமதி தந்தது. அது அல்சைமர் நோய்க்கான சோதனை. பார்க்கின்சனில் மூளைக்குள் திரளும் முதன்மைப் புரதம் ஆல்ஃபா சைனியூக்ளின். இரண்டு நோயும் ஒரே மூளையில் சேர்ந்து குடியிருப்பது உண்டு என்பதால் பி-டாவ் ஓரளவு துப்புக் கொடுக்கும். அது ‘நார்மல்’ என்று வந்ததும் இனி மறதியே வராது என்று நிம்மதியடைவது, அண்ணன் செய்ததன் மறுபக்கம்.

‘பார்க்கின்சன் வந்தால் நூற்றுக்கு எண்பது பேருக்கு டிமென்ஷியா’ என்ற பேச்சையும் இங்கே கேட்டிருப்பீர்கள். சிட்னியில் 136 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்களில் 83 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. தொடங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். இந்த எண்ணை நேற்று நோய் தெரிய வந்தவரிடம் சொல்லிப் பயமுறுத்துவது என்ன நியாயம்?

அடுத்தது மரபணு. குப்பியில் எச்சில் துப்பி அனுப்பினால் போதும் என்று விற்கிறார்கள். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்படியொரு சோதனை பார்க்கின்சனுக்காகப் பார்த்தது இரண்டே மாற்றங்களை: எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் ஜி2019எஸ், ஜிபிஏ1 மரபணுவில் என்370எஸ். இரண்டுமே அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம்; முன்னது வட ஆப்பிரிக்க அரபுகளிடமும் அதிகம். தஞ்சாவூரிலிருந்து வந்த குடும்பத்துக்கு அதில் ‘இல்லை’ என்று வந்தால் கிடைக்கும் தகவல் மிகக் கொஞ்சம். சிங்கப்பூரில் விரிவாக ஆராயப்பட்ட ஜி2385ஆர் மாற்றமும் சீனர்களிடம் காணப்படுவது, இந்தியர்களிடம் அரிது. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியின் ரிப்போர்ட்டை வைத்து நம் வீட்டுக் கணக்கைப் போட முடியாது.

மரபணு மாற்றம் என்றாலே மறதி என்பதும் சரியில்லை. ஜி2019எஸ் உள்ளவர்களுக்கு நினைவாற்றல் மற்ற நோயாளிகளைவிடச் சற்று நன்றாகவே நீடிப்பதுண்டு. மறதியோடு வலுவாகத் தொடர்புள்ளது ஜிபிஏ1, அதிலும் எல்444பி போன்ற கடுமையான மாற்றங்கள். அல்சைமரோடு தொடர்புள்ள ஏபோஇ4 என்ற மரபணு வகை இருந்தாலும் அபாயம் கூடும். ஆனால் ஜிபிஏ1 மரபணுவைப் படிப்பதே வில்லங்கம்: பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதைப்போலவே ஒரு போலி மரபணு உட்கார்ந்திருக்கிறது. சாதாரணச் சோதனை இரண்டையும் குழப்பிக்கொள்ளும். எந்த முறையில் படித்தார்கள் என்று கேட்காமல் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். இந்த மாற்றத்தைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சனே வருவதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். மூளைக்குள் மின்கம்பி வைக்கும் அறுவை சிகிச்சையை யோசிப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனை முடிவு நிபுணரோடு பேச வேண்டிய விஷயம். சில ஆய்வுகளில் ஜிபிஏ1 மாற்றம் உள்ளவர்களின் நினைவாற்றல் அதற்குப் பிறகு வேகமாகக் குறைந்திருக்கிறது.

அப்பாவின் மரபணு முடிவு பிள்ளைகளின் முடிவும்கூட. பிள்ளைகளைக் கேட்காமல் சோதனை செய்துவிட்டுப் பிறகு விழிக்க வேண்டாம். மரபணு ஆலோசகரை முதலில் பாருங்கள். காப்புறுதி பற்றிய கவலைக்கு, சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021இல் கொண்டுவந்த கட்டுப்பாடு உண்டு. நோய் வரும் முன்னே செய்யும் முன்கணிப்புச் சோதனையை நிறுவனங்கள் வற்புறுத்த முடியாது. ஏற்கனவே வந்துவிட்ட நோயை மறைக்க அது அனுமதி ஆகாது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து மேற்கண்டதையெல்லாம் பார்த்த குடும்பம், வைட்டமின் பி12 அளவைப் பார்க்கவில்லை. பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை, பி12 குறைந்தாலும் ஏறும் ஹோமோசிஸ்டீன் என்ற ரத்தப் பொருளை ஏற்றும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பி12ஐக் குறைக்கும். பெரியப்பா சைவம் வேறு. பி12 குறைந்தாலே நினைவு மந்தமாகும், காலும் மரத்துப் போகும். அதோடு மூக்கடைப்புக்கு என்று தினமும் இரவில் குளோர்ஃபெனிரமின். அது மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை மறிக்கும் மருந்து. பார்க்கின்சன்காரருக்கு அந்த வேதிப்பொருள் ஏற்கனவே பற்றாக்குறை. நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடிலும் இதே ஜாதி. நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.

இரண்டே நாளில் ஆள் குழம்பிப் பேசினால் மரபணுவைத் தேட வேண்டாம். பார்க்கின்சன் மறதி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வருவது. திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து என்று உடனே கவனிக்க வேண்டிய காரணங்கள் இருக்கும்.

கடைசியாக, சோதனையின் மொழி. பெரியப்பா உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். முப்பது மதிப்பெண் நினைவாற்றல் சோதனையை ஆங்கிலத்தில் வைத்தார்கள், அதுவும் மாத்திரையின் வேகம் இறங்கிய மத்தியானத்தில். அருகிலிருந்த அண்ணன் நடுநடுவே எடுத்துக் கொடுத்தார். 19 வந்தது. தமிழ் வடிவமே இருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பி12 ஊசி போட்டு, டாக்டர் சொன்னபடி இரவு மாத்திரையையும் நிறுத்தி மூன்று மாதம் கழித்து, காலை பத்து மணிக்குத் தமிழில் வைத்தபோது 24. இன்னும் குறைவுதான், ஆறு மாதத்தில் மீண்டும் பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். நியூரோஃபிலமென்டைத் திரும்பச் சோதிக்கச் சொல்லவில்லை. அண்ணனை இந்த முறை வெளியே உட்காரச் சொன்னார் பெரியப்பா.