நார்வே கடலோரக் கப்பலில் கேமராவோடு போகும் குழு செய்யும் தவறுகள்

பெர்கனிலிருந்து கிர்கெனஸ் வரை ஓடும் ஹுர்டிரூட்டன் 1893-இல் தொடங்கிய கப்பல் சேவை. வழியில் 34 துறைமுகங்களில் நின்று, சரக்கையும் உள்ளூர்ப் பயணிகளையும் ஏற்றி இறக்கிக்கொண்டே போகும். படம் எடுக்கப் போகிறவர்கள் இதை மறந்துவிட்டு ஏதோ தங்களுக்காக விட்ட கப்பல் மாதிரி நினைப்பதுதான் முதல் தவறு. வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று கப்பல் காத்திருக்காது.

சின்னத் துறைமுகங்களில் பெரும்பாலும் கால் மணி, அரை மணி நேரம்தான். அதற்குள் பத்துப் பேரும் இறங்கி ஓடினால், ஒருவர் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடும். அங்கெல்லாம் மேல்தளத்திலேயே நில்லுங்கள். சரக்கு இறங்குவதும் படம்தானே. டிரோம்சோ, டிரோன்ட்ஹைம் போன்ற ஊர்களில் சில மணி நேரம் கிடைக்கும், அங்கே இறங்கலாம்.

வடக்கே போகும் பாதிப் பயணத்துக்கு மட்டும் டிக்கெட் எடுப்பது அடுத்த தவறு. போகும்போது இரவில் கடக்கும் இடங்களைத் திரும்பும்போது பகலில் கடக்கும்படிதான் நேர அட்டவணை அமைந்திருக்கிறது. ஏழு சகோதரிகள் மலை தெற்கு நோக்கி வரும்போதுதான் பகலில் கிடைக்கும். வடக்கு நோக்கி லொஃபோட்டன் தீவுகளை அடைவது மாலையில், குளிர்காலமென்றால் இருட்டிவிட்டிருக்கும்.

மாதத்தையும் யோசிக்காமல் முடிவு செய்கிறார்கள். மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை நார்வேயின் வடக்கே இருக்கும் நார்த் கேப் முனையில் சூரியன் மறையாது, ஆகவே இரவு வானில் தெரியும் வண்ண ஒளியான துருவ ஒளிக்கு (அரோரா) வாய்ப்பே இல்லை. நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுவரை டிரோம்சோவில் சூரியன் உதிக்காது. நண்பகலையொட்டி நீல வெளிச்சம் கொஞ்ச நேரம் வரும், அவ்வளவுதான். துருவ ஒளியும் வேண்டும், பகலில் மலையும் வேண்டும் என்றால் செப்டம்பர் இறுதியோ மார்ச்சோ நல்லது என்பேன்.

அப்புறம் கேமராவைத் தாங்கும் முக்காலியான டிரைபாட். கரையில் பழகியதை அப்படியே கப்பலில் செய்யும்போதுதான் அதிகப் படங்கள் வீணாகின்றன. எஞ்சின் அதிர்வு தளம் வழியாக டிரைபாட் காலில் ஏறும், கப்பலும் ஆடும். பதினைந்து விநாடி ஷட்டர் திறந்துவைத்தால் நட்சத்திரங்கள் புழு நெளிந்த தடமாகிவிடும். ஒன்றிரண்டு விநாடியோடு நிறுத்துங்கள். லென்ஸின் திறப்பளவு எஃப் 2.8 அல்லது அதைவிட அகலமாக இருக்கட்டும், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் போனாலும் பரவாயில்லை. அதனால் படத்தில் வரும் புள்ளிகளை, அதாவது இரைச்சலை, பிறகு குறைக்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸைத் தொலைவில் தெரியும் விளக்கில் வைத்துவிட்டு, தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள். பகலில் கேமராவைக் கைப்பிடிக் கம்பியில் ஊன்றாமல் கையில் பிடிப்பதே மேல். உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

குழுவில் ஒருவர் தலைவிளக்கை எரித்தால் மற்ற எல்லோர் படமும் போச்சு. சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் தரையைப் பார்த்து. கேமரா திரையின் வெளிச்சத்தையும் குறையுங்கள்.

குளிரிலிருந்து வந்ததும் நேரே சூடான உணவு அறைக்குள் கேமராவைக் கொண்டுபோனால் லென்ஸில் நீர் படியும், உள்ளேயும் படியலாம். வெளியிலேயே காற்றுப்புகாத பையில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் வையுங்கள். மெமரி கார்டை மட்டும் மூடுவதற்கு முன்பே எடுத்துக்கொண்டால் சாப்பிடும்போது படம் பார்க்கலாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும்.

பனிமலையை கேமரா சாம்பலாகக் காட்டும், வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப் (இருமடங்கு) கூட்டினால் சரி. டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், கப்பலிலிருந்து பறக்கவிட அனுமதி கிடையாது.